முதலில் ஓட்டம், அப்புறம் அழகு: பழைய ஆத்தர்ன் டீசல் மாடலைச் சரிசெய்வது எப்படி

ஆத்தர்ன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பழைய டீசல் ரயில் எஞ்சின் மாடல் ஒன்று கைக்கு வருகிறது. தண்டவாளத்தில் வைத்து கரண்ட் கொடுத்ததும் காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் மாதிரி ஒரு சத்தம். முன்விளக்கு மினுக்கி மினுக்கி எரிகிறது. ஒரு சாண் தூரம் ஓடி நிற்கிறது, விரலால் தட்டினால் திரும்பவும் ஓடுகிறது. மோட்டார் போய்விட்டது, புதிது வாங்கிப் போட வேண்டும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. புது மோட்டார் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து மாட்டினேன். சத்தம் அப்படியே இருந்தது. மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை எவ்வளவோ இருக்கின்றன என்பது அதன் பிறகுதான் புரிந்தது. அந்த வரிசையிலேயே இங்கே சொல்லியிருக்கிறேன்.

எந்த மாடலை வைத்துப் பழகுவது என்று கேட்டால், ஆத்தர்ன் கம்பெனியின் நீலப்பெட்டி மாடல்களைத்தான் சொல்வேன். இர்வின் ஆத்தர்ன் என்பவர் கலிபோர்னியாவில் 1940-களில் தொடங்கிய கம்பெனி அது. நீல அட்டைப்பெட்டியில் பல பத்தாண்டுகள் விற்றதால் அமெரிக்க ரயில் மாடல்காரர்கள் அவற்றை 'புளூ பாக்ஸ்' என்றே அழைக்கிறார்கள். லட்சணமான மாடல்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்தே முழுவதையும் பிரித்துவிடலாம், பசை போட்டு ஒட்டியது எதுவும் உள்ளே கிடையாது, தப்பாகக் கழற்றினாலும் திரும்பப் பூட்டலாம். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல எஞ்சின் எனக்குத் தெரியாது.

இந்தக் கட்டுரைக்கு எஸ்டி40-2 மாடலை எடுத்துக்கொள்கிறேன். நிஜ எஸ்டி40-2, ஜெனரல் மோட்டார்ஸின் இ.எம்.டி. பிரிவு 1972-இல் வெளியிட்ட 3000 குதிரைசக்தி டீசல். ஆறு அச்சு, 16 சிலிண்டர், நீளம் 68 அடி 10 அங்குலம். இந்த மாடல்கள் எச்.ஓ. அளவு, அதாவது நிஜத்தில் 87.1-இல் ஒரு பங்கு (1:87.1) என்பதால் மாடல் சுமார் 24 செ.மீ. வரும். அமெரிக்காவின் பெரிய ரயில் கம்பெனிகளில் பெரும்பாலானவற்றிடம் இது இருந்தது. அதனால் எந்தக் கம்பெனியின் நிறத்தில் செய்ய நினைத்தாலும் பார்த்துச் செய்ய போட்டோ கிடைக்கும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து எஞ்சினோடு பழைய பவர் பேக்கும் சேர்ந்து வந்திருந்தால் அதை நம் வீட்டு பிளக்கில் சொருகாதீர்கள். அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம்முடையது 230. இங்கே கிடைக்கும் 12 வோல்ட் டி.சி. சப்ளை ஒன்றும், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கண்ட்ரோலரும் போதும். கூடவே ஒரு மல்டிமீட்டர், முனை மெலிந்த சால்டரிங் அயர்ன், பழைய டூத்பிரஷ், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் அரை நாளில் எல்லாம் கிடைத்துவிடும்.

பிரித்துப் பார்ப்பது

முன்னும் பின்னும் பெட்டிகளை இணைக்கும் கப்ளர்களின் மூடிகளைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் பாடியின் அடி ஓரத்தை இரண்டு பக்கமும் மெல்ல விரித்துத் தூக்கினால் வந்துவிடும். உள்ளே கனமான உலோக வார்ப்பு சேசிஸ், நடுவில் மோட்டார், அதன் இரண்டு பக்கமும் ஃபிளைவீல் (ஓட்டத்தைச் சீராக்கும் கனமான சக்கரம்). அங்கிருந்து பிளாஸ்டிக் யுனிவர்சல் ஜாயின்ட் வழியாக இரண்டு போகிகளுக்குச் சுழற்சி போகிறது. (நாம் பேச்சுவழக்கில் ரயில் பெட்டியையே போகி என்போம். இங்கே போகி என்றால் மூன்று அச்சுகள் சேர்ந்த சக்கரத் தொகுதி.) போகியின் தலைமேல் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் வார்ம் என்ற திருகு வடிவக் கியர். கூண்டின் மூடியை நெம்பி எடுத்து வார்மைத் தூக்கினால் போகி கீழே இறங்கிவிடும்.

கழற்றுவதற்கு முன் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் போகி முன்னால், எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று மார்க்கரால் குறியுங்கள். போகியைத் திருப்பிப் போட்டுவிட்டால் இடது தண்டவாளத்தின் கரண்ட்டும் வலது தண்டவாளத்தின் கரண்ட்டும் ஒரே இடத்துக்கு வந்து ஷார்ட் ஆகும்.

இப்போது யுனிவர்சல் இரண்டையும் கழற்றிவிட்டு, 9 வோல்ட் பேட்டரியை நேராக மோட்டாரின் மேல் கிளிப்பிலும் கீழ் கிளிப்பிலும் தொடுங்கள். மோட்டார் தனியாக, சத்தமில்லாமல், சீராகச் சுற்றுகிறதா? அப்படியென்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு வேறு எங்கோ. புது மோட்டார் வாங்கும் முன் நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு நிமிடச் சோதனையைத்தான்.

கரண்ட் போகும் வழி

நின்று நின்று ஓடும் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் இங்கேதான். இந்த மாடல்களில் ஒரு பக்கச் சக்கரங்களின் கரண்ட், போகியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு ஏறி, அங்கிருந்து மோட்டாரின் தலைமேல் படுத்திருக்கும் நீண்ட இரும்புப் பட்டைக்குப் போகிறது. மறுபக்கச் சக்கரங்களின் கரண்ட், போகி சேசிஸில் உட்காரும் இடத்தின் வழியாக சேசிஸுக்குள்ளேயே இறங்கி, மோட்டாரின் அடிக் கிளிப்புக்குப் போகிறது. எங்கேயும் ஒயர் கிடையாது, எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று உரசித்தான் கரண்ட் கடத்துகிறது. முப்பது நாற்பது வருடத் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் அந்த உரசலுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும். பட்டையின் முனையை விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பழுப்பாக ஒட்டும்.

அந்த இரும்புப் பட்டையை எடுத்து ஓரமாக வையுங்கள். போகியின் மேல் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெல்லிய வளையும் ஒயர் ஒன்றை அதில் சால்டர் செய்யுங்கள். இரண்டு போகிகளிலிருந்தும் வரும் ஒயர்களை மோட்டாரின் மேல் கிளிப்பில் சேர்த்துச் சால்டர் செய்யுங்கள். தகட்டைச் சுற்றி இருப்பது பிளாஸ்டிக், அதனால் அயர்னை இரண்டு மூன்று விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். போகி வளைவில் திரும்பும்போது ஒயர் இழுபடாத அளவுக்குத் தொய்வு விடுங்கள். இத்தனைக்கும் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இந்த எஞ்சினுக்குச் செய்யக்கூடிய வேலைகளிலேயே பலன் அதிகம் தருவது இதுதான்.

மறுபக்கத்துக்கு சேசிஸில் நேராகச் சால்டர் செய்ய முடியாது, அந்த வார்ப்பு உலோகத்தில் ஈயம் ஒட்டாது. ஒரு சின்ன ஓட்டை போட்டு, மரை வெட்டி, மோட்டாரின் அடிக் கிளிப்புக்குப் போகும் ஒயரை ஸ்க்ரூவால் இறுக்க வேண்டும். போகி உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தமாக்குங்கள்.

அடுத்து சக்கரம். பழைய மாடல்களில் உலோகத் தூளை அழுத்திச் செய்த சக்கரங்கள் இருக்கும். அவற்றின் பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் அழுக்கை இழுத்துக்கொள்ளும், சில சமயம் துருவும் பிடிக்கும். நிக்கல் சில்வர் சக்கரங்கள் தனியாகக் கிடைக்கின்றன, நார்த்வெஸ்ட் ஷார்ட் லைன் என்ற அமெரிக்க கம்பெனியின் பெயர் இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும். எஸ்டி40-2-இன் நிஜச் சக்கரம் 40 அங்குல விட்டம், அதாவது எச்.ஓ. அளவில் சுமார் 11.7 மி.மீ. சக்கரம் ஒவ்வொன்றும் அரை அச்சோடு வரும். நடுவிலுள்ள பிளாஸ்டிக் கியர் குழாயில் இரண்டு பக்கமும் சொருக வேண்டும். சொருகிய பிறகு என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கம்) கேஜ் தகட்டில் வைத்து இடைவெளியைப் பாருங்கள். தண்டவாள அகலம் 16.5 மி.மீ. கண் மதிப்பில் விட்டால் கிளைப்பாதையில் ஏறும் இடத்தில் கட்டாயம் தடம் புரளும்.

அந்தக் கரகர சத்தம்

என் எஞ்சினில் சத்தம் வந்த இடம் வார்ம். வார்ம் தண்டின் இரண்டு முனைகளிலும் சதுர பேரிங், பேரிங்குக்கும் வார்முக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வாஷர். தண்டை விரலால் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். என்னுடையது ஏறக்குறைய ஒரு மி.மீ. ஆடியது. ஓடும்போது வார்ம் அந்த இடைவெளியில் போய்ப் போய் முட்டுகிறது, அந்த முட்டல்தான் கூண்டு முழுக்க எதிரொலித்துக் கரகரவென்று கேட்கிறது. இறக்கத்தில் பெட்டிகள் பின்னாலிருந்து தள்ளும்போது இன்னும் மோசமாகும். மெல்லிய வாஷர் ஒன்றோ இரண்டோ கூடுதலாகப் போட்டு, ஆட்டம் உணரும் அளவுக்கு மட்டும் மீதி இருக்கும்படி செய்யுங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் சூடாகும்.

போகியின் அடிமூடியையும் திறந்து கியர்களை ஒவ்வொன்றாக எடுத்து, சோப்புத் தண்ணீரில் டூத்பிரஷால் கழுவுங்கள். பல்லுக்குப் பல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கின் மெல்லிய ஓரம் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் கூர்மையான பிளேடால் சீவி எடுங்கள். அச்சுக் குழாயில் கோடு போட்ட மாதிரி விரிசல் தெரிந்தால் அந்தக் கியரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். ஒட்டினால் நிற்காது. விரிசல் விட்ட கியர் இருந்தால் எஞ்சின் ஒரே தாளத்தில் டக், டக் என்று குதித்து ஓடும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. பேரிங்குக்கு ஊசி முனையில் ஒரு துளி, கியருக்குக் கொஞ்சம் கிரீஸ், இரண்டுமே பிளாஸ்டிக்கைத் தாக்காத வகையாக இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை விடாதீர்கள், குளிர்ந்தால் உறைந்து கியரையே பிடித்துக்கொள்ளும்.

மோட்டாரை எப்போது மாற்றுவது

முதலில் பழைய மோட்டாரையே சுத்தம் செய்து பாருங்கள். மேல் கிளிப்பை எடுக்கும்போது கார்பன் பிரஷை அழுத்தும் ஸ்பிரிங் துள்ளி ஓடும், அதனால் மோட்டாரை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் வைத்தே எடுங்கள். கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையம்) ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்து, தகடுகளுக்கு இடையிலுள்ள பிளவுகளில் சேர்ந்த கரியைப் பல்குத்தும் குச்சியால் எடுங்கள். ஆர்மேச்சரை (சுற்றும் நடுப்பகுதி) மட்டும் காந்தங்களுக்கு நடுவிலிருந்து உருவாதீர்கள், காந்தத்தின் வலு குறைந்துவிடக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் மோட்டார் சூடானாலோ, மெதுவாக ஓட மறுத்தாலோ, டி.சி.சி. (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பி ஒவ்வொரு எஞ்சினையும் தனியாக ஓட்டும் முறை) டிகோடர் போடும் எண்ணம் இருந்தாலோ, மாற்றுவது சரிதான். பழைய திறந்த மோட்டார் கரண்ட் அதிகம் இழுக்கும், சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் ஒரு ஆம்பியரையும் தாண்டும். புதிய மூடிய கேன் மோட்டார்கள் அதில் ஒரு சிறு பங்குதான் எடுக்கும். மோட்டாரைத் தேர்ந்தெடுக்கும்போது 12 வோல்ட், ஃபைவ் போல் ஆர்மேச்சர், இரண்டு பக்கமும் தண்டு நீட்டியிருப்பது, இந்த மூன்றும் கட்டாயம். ஒரு காலத்தில் ஜப்பானின் மஷிமா மோட்டார்களைத்தான் எல்லோரும் தேடினார்கள், அந்தக் கம்பெனி இப்போது இல்லை. இப்போது ஏ-லைன் போன்றவர்களின் மாற்று மோட்டாரோ, புதிய மாடல்களின் உதிரி மோட்டாரோ கிடைக்கிறதா என்று பாருங்கள். வாங்கும் முன் உங்கள் சேசிஸின் பள்ளத்தை வெர்னியரால் அளந்து, அகலம், உயரம், தண்டின் விட்டம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதில் முக்கியம் உயரம். மோட்டார் தண்டும் வார்ம் தண்டும் பக்கவாட்டில் பார்க்க ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மோட்டாரின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளை அடுக்கி உயரத்தைச் சரிபாருங்கள். சரியானதும் சேசிஸ் பள்ளத்தில் சிலிக்கான் சீலன்ட்டைப் பரப்பி, அதன்மேல் மோட்டாரை உட்கார வைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள். சிலிக்கான் அதிர்வை வாங்கிக்கொள்ளும், பிறகு கழற்ற வேண்டுமென்றால் பிளேடால் அறுத்தும் எடுக்கலாம். ஆனால் வினிகர் வாசனை வரும் சிலிக்கான் வேண்டாம், அதிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும். 'நியூட்ரல்' என்று டியூபில் எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஃபிளைவீலைப் புதுத் தண்டுக்கு மாற்றும்போது சுத்தியலால் தட்டி ஏற்றக் கூடாது, தண்டு வளைந்துவிடும். வைஸில் வைத்து மெல்ல அழுத்துங்கள், மறுபக்கத் தண்டின் முனைக்கு முட்டுக் கொடுங்கள். தண்டு மெலிதாக இருந்தால் பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் போடலாம். பிறகு மோட்டாரைத் தனியாக ஓட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். உள்ளங்கையில் கூச்சம் தரும் அளவுக்கு அதிர்ந்தால் ஃபிளைவீல் கோணலாக ஏறியிருக்கிறது.

டி.சி.சி. போடுவதென்றால்

ஒரே ஒரு விதி, அதை மீறினால் டிகோடர் அந்த விநாடியே கருகும். மோட்டாரின் இரண்டு முனைகளில் எதுவும் சேசிஸையோ தண்டவாளத்தையோ தொடக் கூடாது. பழைய மோட்டாரை வைத்துக்கொண்டே செய்கிறீர்கள் என்றால், அடிக் கிளிப்பில் சேசிஸைத் தொடும் முட்களை வெட்டி, கீழே இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். மல்டிமீட்டரில் மோட்டார் முனைக்கும் சேசிஸுக்கும் இடையே வைத்துப் பாருங்கள், பீப் சத்தம் வரவே கூடாது.

ஒயர் நிறங்கள் என்.எம்.ஆர்.ஏ. வகுத்தவை. சிவப்பும் கறுப்பும் வலது, இடது தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான பாசிட்டிவ். எல்.இ.டி. போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேருங்கள். வெள்ளை வெளேரென்ற எல்.இ.டி. பழைய டீசலுக்குப் பொருந்தாது, மஞ்சள் கலந்த வார்ம் ஒயிட் நன்றாக இருக்கும்.

கப்ளர்

பெட்டியோடு வந்த கொக்கிக் கப்ளரை எடுத்துவிட்டு கேடீ கம்பெனியின் 5-ஆம் எண் உலோகக் கப்ளரைப் போடுவது வழக்கம். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. இந்த எஞ்சினில் சேசிஸிலேயே கரண்ட் ஓடுகிறது, உலோகக் கப்ளர் அந்த சேசிஸைத் தொடுகிறது. இரண்டு எஞ்சின்களை எதிரெதிராகத் திருப்பி இணைத்தால் கப்ளர் வழியாகவே ஷார்ட் ஆகும். ஜோடியாக ஓட்டப் போகிறீர்கள் என்றால் பிளாஸ்டிக் கப்ளர் போடுங்கள். உயரத்தைக் கேடீயின் அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

இனி அழகு

எஞ்சின் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும்வரை பாடியைத் தொடாதீர்கள். நுணுக்கக் கம்பிகள் ஒட்டிய பிறகு கோளாறு பார்க்கப் பாடியைக் கழற்றினால், கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று உடையும்.

முதல் வேலை, ஒரு நிஜ எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது. 'எஸ்டி40-2' என்று பொதுவாகச் செய்யாதீர்கள். ஒரு கம்பெனி, ஒரு எண், ஒரு வருடம் என்று முடிவு செய்யுங்கள். நான் எடுத்துக்கொண்டது 1980 வாக்கில் வயோமிங்கின் பவுடர் ரிவர் பகுதியில் நிலக்கரி இழுத்த பர்லிங்டன் நார்தர்ன் எஞ்சின், பச்சையும் கறுப்பும். வருடம் முடிவானால் பாதிக் கேள்விகளுக்கு விடை வந்துவிடும். உதாரணமாக, முன்னால் கீழே இரண்டு பக்கமும் எரியும் டிச் லைட்டுகள் அமெரிக்காவில் 1997 முடிவுக்குள் கட்டாயமாக்கப்பட்டவை. 1980-இன் எஞ்சினில் அவற்றைப் பொருத்தினால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும்.

எஸ்டி40-2-இன் முகவெட்டே அதன் முன்னும் பின்னும் உள்ள நீண்ட 'திண்ணை'தான். நீளமான சேசிஸின்மேல் குட்டையான உடல் உட்கார்ந்ததால் வந்த இடம் அது. அங்கே கைப்பிடிக் கம்பிகளும் காற்றுக் குழாய்களும் வெட்ட வெளியில் தெரியும். ஆகவே உங்கள் உழைப்பில் பெரும்பங்கு அங்கே போகட்டும்.

பாடியோடு சேர்த்து வார்த்த கைப்பிடிகளைப் பிளேடால் சீவி எடுங்கள். எடுக்கும் முன் அவற்றின் இரண்டு முனைகளிலும் ஊசியால் ஒரு புள்ளி குத்திவையுங்கள், அப்புறம் ஓட்டை எங்கே என்று தேட வேண்டாம். 80-ஆம் எண் ட்ரில் பிட்டை, அதாவது சுமார் 0.34 மி.மீ., பின் வைஸ் என்ற சின்னக் கைக்கருவியில் மாட்டி விரலால் சுழற்றுங்கள். மோட்டார் ட்ரில் வேண்டாம், பிளாஸ்டிக் உருகும், பிட்டும் முறியும். 0.3 மி.மீ. பித்தளைக் கம்பியை மடித்துச் சொருகி, உள்பக்கத்திலிருந்து ஒரு துளி சூப்பர் க்ளூ. வெளியே தள்ளி நிற்கும் தூரம் எல்லாக் கைப்பிடிக்கும் ஒன்றாக இருக்க, ஒரு அட்டைத் துண்டை நடுவில் வைத்து ஒட்டுங்கள். முதல் நாலு கோணலாக வரும், ஐந்தாவதிலிருந்து கை பழகிவிடும்.

அடுத்து ஹாரன், மணி, கப்ளரை விடுவிக்கும் நெம்புகம்பி, எஞ்சின்களை இணைக்கும் குழாய்கள், கண்ணாடி வைப்பர், ஜன்னல் வெயில் மறைப்பு. இவையெல்லாம் டீடெயில் அசோசியேட்ஸ், டீடெயில்ஸ் வெஸ்ட் போன்ற பெயர்களில் தனித்தனிப் பொட்டலமாக வந்தவை. இப்போது 3டி பிரிண்ட்டிலும் பல கிடைக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். முதலில் பின்பக்கக் கூரையில் வரிசையாக உள்ள மூன்று 48 அங்குல ரேடியேட்டர் விசிறிகளைக் கவனியுங்கள். மாடல் ரயிலை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம், எனவே கூரையில் செய்யும் வேலை வீணாகாது. மூடிய வார்ப்பு விசிறிகளை எடுத்துவிட்டு, உள்ளே இலைகள் தெரியும் விசிறி போட்டால் மொத்த எஞ்சினும் வேறு மாதிரி ஆகிவிடும்.

பழைய பெயிண்ட்டை எடுக்க 91 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பாடியைச் சில மணி நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள், அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். பெயிண்ட்டை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். எழுத்துகளும் எண்களும் மைக்ரோஸ்கேல் கம்பெனியின் டெக்காலாக (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) கிடைக்கும். டெக்கால் பளபளப்பான பரப்பில்தான் படிந்து உட்காரும், ஆகவே அதற்கு முன் கிளாஸ் வார்னிஷ், காய்ந்த பின் மேட் வார்னிஷ்.

கடைசியாகப் புழுதி. நிலக்கரி இழுத்த எஞ்சினுக்கு போகியில் சாம்பல் கலந்த பழுப்பு, கூரையில் புகைபோக்கியைச் சுற்றி மட்டும் கரி. சாக்பீஸ் பொடியை மெல்லிய பிரஷால் தொட்டு மேலிருந்து கீழாக இழுங்கள், மழைநீர் வழியும் திசை அது. பாடியை மாட்டியதும் ஒவ்வொரு திசையிலும் அரை மணி நேரம் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு சக்கரங்களைத் துடைத்துப் பாருங்கள். பெயிண்ட் அடித்தபோது அதில் கொஞ்சமாவது சக்கரத்தில் பட்டிருக்கும்.